நோட்டில் இல்லாதது

ஃபேர்லேண்ட்ஸில் மூன்றாம் மாடி ஏறி
எண்ணூறு ரூபாய் கட்டி
ஒரு தாள் வாங்கி வந்தோம்.
கோதுமை கூடாது. மைதா கூடாது. ரவை கூடாது.
பால், தயிர், நெய் இருக்கிற பக்கமே போகக் கூடாது.
ஆறு மாதம். அப்புறம் பார்க்கலாம்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா
அந்தத் தாளை இரண்டு முறை படித்தார்.
"சில பிள்ளைங்களுக்குக் கேக்குதுங்கறாங்க.
உறுதியாச் சொல்ல எங்கிட்ட ஒண்ணுமில்ல.
எடை மட்டும் குறையாமப் பாத்துக்கங்க."

அன்றைக்கு ராத்திரியே
சுகுணா ஒரு நாற்பது பக்க நோட்டில்
கோடு போட ஆரம்பித்தாள்.

லோகித்துக்கு ஏழு வயது.
அவன் கணக்கில் தின்னத் தகுந்தவை நான்கு:
மேரி பிஸ்கட், விளிம்பு உடையாமல்.
தயிர்ச்சாதம், தாளிக்காமல்.
பால், நீல டம்ளரில்.
ஐஸ்.
தாள் மூன்றை எடுத்துக்கொண்டது.
ஐஸ் மிஞ்சியது.

நான் சேகோ ஆலையில் லோடு எழுதுகிறவன்.
என் கையெழுத்தில்தான்
விரதக்காரர் வீடுகளுக்கு
இந்தூர்வரை போகிறது ஜவ்வரிசி.
கோதுமை இல்லை, பால் இல்லை,
வெள்ளை, உருண்டை,
இவனுக்கென்றே செய்ததுபோல.
வேகவைத்துக் கொண்டுவந்து வைத்தேன்.
கண்ணாடியாகிக் கிடந்ததைப் பார்த்தான்.
தட்டைத் தள்ளினான்.
வெள்ளையாய்ப் போனது வெள்ளையாய் வரவில்லை.
அவன் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஒன்பதாம் நாள், அறுநூறு கிராம் குறைவு.
பதினோராம் நாள் சுகுணா அழுதது
நோட்டில் இல்லை.

ஆடிப் பண்டிகைக்கு அம்மாப்பேட்டை போனபோது
அவன் சட்டை முதுகில்
சிவப்பு நூலால் தைத்துவிட்டாள்:
'எனக்குத் தின்ன எதுவும் தராதீங்க.'
என் சித்தப்பா அதை வாய்விட்டுப் படித்துச் சிரித்துவிட்டு
"சாமி பிரசாதம்மா, ஒரு வாய்தானே" என்று
கேசரியை ஊட்டிவிட்டார்.
அந்த ஒரு வாய்
விடியற்காலை மூன்று மணிவரை
சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தது.
கேசரியா, பம்பை மேளமா,
பந்தலில் மினுக்கிய ட்யூப்லைட்டா, யார் கண்டது.
நோட்டில் 'கேசரி' என்று மட்டும் இருக்கிறது.

நோட்டில் இல்லாத இன்னொன்று:
ஷிப்ட் முடிந்து, ஐந்து ரோட்டில்,
இரண்டு பரோட்டா, சால்னா, நின்றபடியே.
சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டுத்தான்
வண்டியை எடுப்பேன்.

ஒருநாள் வாசலிலேயே
லோகித் என் வலது கையைப் பிடித்தான்.
முகத்தைப் பார்க்கவில்லை, எப்போதும் போல.
விரல்களை மூக்கருகே கொண்டுபோய்
நீளமாய் ஒரு மூச்சு.
பிறகு ஒவ்வொரு விரலாக
நக்கினான்.
அடுப்படியிலிருந்து சுகுணா பார்த்துக்கொண்டிருந்தாள்.
பேனாவை எடுக்கவில்லை.

அதற்குப்பின் நான் பரோட்டா தின்னவில்லை என்று
சொன்னால் நன்றாயிருக்கும்.
வியாழக்கிழமை தின்றேன்.

நாற்பத்தோராம் நாள்
செவ்வாய்ப்பேட்டையில் தள்ளுவண்டி முன்
எனக்கு ஒரு தட்டுவடை செட் சொல்லிவிட்டு நின்றேன்.
கடைக்காரர் டின்னிலிருந்து எடுக்கும்போது
ஒரு தட்டு கை தவறி உடைந்தது.
கடக்.

லோகித் திரும்பினான்.
பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதவன்.

"இன்னொண்ணு உடைங்க."
"ஏங்க?"
"உடைங்க, காசு தர்றேன்."
கடக்.
திரும்பினான்.

"மாவு என்னங்க?"
"அரிசி மாவு, உளுந்து."
"நெய், வெண்ணெய்?"
"நீங்க குடுக்கிற காசுக்கு நெய் வேறயா" என்றவர்
பையன் முதுகைப் படித்துவிட்டு
நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்தார்.
"தராதீங்கன்னு போட்டிருக்குதே?"
"தாங்க."

முதலில் காதருகே வைத்து உடைத்தான்.
பிறகுதான் வாய்.
பீட்ரூட் வேண்டாம், கேரட் வேண்டாம்,
சட்னியின் வாடைகூட வேண்டாம்.
ஆறு.
வெறும் தட்டுக்கு என்ன விலை என்று
இதுவரை யாரும் கேட்டதில்லையாம்,
கடைக்காரர் மேலே பார்த்துக் கணக்குப் போட்டார்.

சுகுணா எழுதினாள்:
மாலை 6.40. தட்டு, வெறும். 6.
பேனாவை மூடினாள், திறந்தாள்,
ஓரத்தில் சின்னதாக: 'சத்தம்?'

பொட்டலத்தில் ஒன்று மீதி இருந்தது.
லோகித் அதை எடுத்து
என் பக்கம் நீட்டினான், எங்கோ பார்த்தபடி.
தின்னவா, உடைக்கவா,
தெரியவில்லை.

அவன் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்
உடைத்தேன்.